பள்ளி கேட்கும் ‘நன்கொடை’க்கு 80ஜி ரசீது கிடைத்தால் வரி மிச்சமாகுமா?

கேள்வி: திருச்சியில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆண்டுச் சம்பளம் 11 லட்சம் ரூபாய். சொந்த வீடு, கடன் இல்லை. மகளை வரும் கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். சமய அமைப்பு ஒன்று நடத்தும் மெட்ரிக் பள்ளியில் சேர்க்கைக்கு 1 லட்சம் ரூபாய் ‘கட்டட நிதி நன்கொடை’ கேட்கிறார்கள். அதற்கு அதே அமைப்பின் வேறோர் அறக்கட்டளை பெயரில் 80ஜி ரசீது தருவார்களாம். பாதிப் பணம் வரியில் திரும்பிவிடும் என்கிறார் அலுவலக நண்பர். சிறுபான்மைப் பள்ளி என்பதால் இப்படி வாங்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறார்கள். அதே அமைப்பு நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. மனைவிக்கு அதில்தான் விருப்பம். இதற்கிடையே அம்மா தன் ஓய்வூதியத்திலிருந்து சொந்த ஊர்க் கோயில் திருப்பணிக்கு 25,000 ரூபாய் தர நினைக்கிறார். அதற்கு வரிச்சலுகை உண்டா? மாதிரி ரசீதின் படத்தை இணைத்துள்ளேன்.

பதில்: அந்த ரசீதைத்தான் முதலில் பார்த்தேன். மேலே பள்ளியின் பெயர் இல்லை, அறக்கட்டளையின் பெயர் இருக்கிறது. நடுவில் ‘மனமுவந்து அளித்த மூலதன நிதி நன்கொடை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஓரத்தில், பென்சிலால், உங்கள் மகளின் சேர்க்கை விண்ணப்ப எண். அச்சில் இருப்பதை விட அந்தப் பென்சில் எழுத்துதான் இந்தப் பணம் எதற்காகக் கைமாறுகிறது என்பதைச் சரியாகச் சொல்கிறது.

நண்பர் சொன்ன கணக்கை எடுத்துக்கொள்வோம். வருமான வரிச் சட்டத்தின் 80ஜி என்பது கொடுத்த பணத்தில் பாதியை வரியில் திருப்பித் தரும் பிரிவு அல்ல. நன்கொடையில் பாதியை, அதுவும் ஒரு வரம்புக்குள், வருமானத்திலிருந்து கழிக்க விடும் பிரிவு. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் இருந்தால், 11 லட்சத்தில் சம்பளக்காரர்களுக்குப் பொதுவாக உள்ள நிலைக்கழிவு 75,000 போக 10,25,000 ரூபாய் மிஞ்சும். 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு முழுத் தள்ளுபடி இருப்பதால் நீங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதையும் கழிக்க முடியாது. புதிய முறையில் 80ஜி கழிவே கிடையாது என்பது வேறு. அந்த ரசீதைப் பயன்படுத்துவதற்காகவே பழைய முறைக்கு மாறினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். நிலைக்கழிவு 50,000, சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்கான 80சி-யில் முழு 1,50,000 கழித்தால் 9 லட்சம். நன்கொடையில் கணக்கில் கொள்ளத்தக்கது இதில் 10 சதவீதம், அதாவது 90,000. அதில் பாதி 45,000 கழியும். மீதி 8,55,000 ரூபாய்க்குக் கூடுதல் வரியும் சேர்த்து 86,840 ரூபாய் கட்ட வேண்டும். ரசீது தனியாக மிச்சப்படுத்துவது 9,360 ரூபாய். அந்த 9,360-ஐப் பிடிப்பதற்காக, இப்போது கட்டத் தேவையே இல்லாத 86,840 ரூபாயைக் கட்டுவீர்கள். (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன; எல்லோருக்கும் பழகிய எண்களையே இங்கே எழுதுகிறேன்.)

வரி மிச்சமாகும் என்றே வைத்துக்கொண்டாலும் அந்தக் கழிவைக் கோர வேண்டாம் என்றுதான் சொல்வேன். கைம்மாறு எதுவும் எதிர்பாராமல் விரும்பித் தருவதே நன்கொடை. ஓர் இருக்கைக்காகத் தருவது அந்த இருக்கையின் விலை. அறக்கட்டளை உங்கள் பான் எண்ணையும் தொகையையும் வருமான வரித் துறையிடம் பதிவேற்றி 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் தரும்போது, கட்டாயத்தில் கொடுத்ததை விரும்பிக் கொடுத்ததாகச் சொல்லும் கணக்கில் நீங்களும் ஒரு தரப்பாகிறீர்கள். தவறான தகவல் தந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அந்த வரியைப் போல இரு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சேர்க்கைக்காக வாங்கும் பணத்தை இன்னோர் அறக்கட்டளை வழியாக நன்கொடையாகக் காட்டும் வழக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 அக்டோபரில் கடுமையாகக் கண்டித்து, அப்படி வாங்கியது தானாகத் தந்த பணம் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

சிறுபான்மைப் பள்ளிக்கு இதில் தனி உரிமை உண்டு என்பது, உண்மையான ஓர் உரிமையை இல்லாத இடத்துக்கு நீட்டிப் பேசுவது. அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு, மதச் சிறுபான்மையினருக்கும் மொழிச் சிறுபான்மையினருக்கும் தம் விருப்பப்படி கல்வி நிறுவனம் தொடங்கி நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை எனக்கு மிகவும் முக்கியமானது. தமிழ்நாட்டில் பல தலைமுறைப் பெண்களுக்கு எழுத்தறிவு கிடைத்ததே இப்படிப்பட்ட பள்ளிகளால்தான், என் அம்மாவும் அப்படிப் படித்தவர்தான். ஆனால் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு, கல்வி நிறுவனங்கள் கட்டாய நன்கொடை வாங்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் அதைத் தடை செய்யும் சட்டம் 1992 முதலே இருக்கிறது.

சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு இருப்பது வேறோர் இடத்தில். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை இலவசமாகத் தர வேண்டும். அந்தச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் பிரமதி வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 1 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பரிசீலிக்கப் பரிந்துரைத்தது. உங்கள் மகளுக்கு இதனால் பயனில்லை. பெரும்பாலான மெட்ரிக் பள்ளிகளில் நுழைவு வகுப்பு எல்.கே.ஜி. என்பதால் அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. சிறு குழந்தைகள் உள்ள மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்லி வைக்கிறேன்: இந்த 25 சதவீத இடங்களுக்கான 2 லட்சம் ரூபாய் ஆண்டு வருமான வரம்பு நலிவடைந்த பிரிவினருக்குத்தான், பிற்படுத்தப்பட்டோரும் பட்டியலினத்தவரும் அடங்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு அந்த வரம்பு இல்லை. 2025-26இல் மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா நிதித் தகராறால் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதை மட்டும் நம்பி வேறு பள்ளியில் விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவியின் யோசனைக்கு வருகிறேன். பணத்தை மட்டும் பார்த்தாலும் அதற்கு வலு இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசின் கணக்கு; நிர்வாகம் மட்டும் சமய அமைப்பின் கையில். சிறுபான்மை நிர்வாகம் என்பதற்காக நிதி உதவியில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 30ஆவது பிரிவே சொல்கிறது. அரசு நிதி பெறும் அந்தப் பள்ளி, பெற்றோர் சம்மதமின்றி எந்தக் குழந்தையையும் சமயப் போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று 28ஆவது பிரிவு சொல்கிறது. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகத்திலும் 2025 ஆகஸ்டில் நகரங்களிலும் உள்ள உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவ, பொறியியல் இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மட்டும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத்தான். உதவி பெறும் பள்ளிக்கு அது இல்லை. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு இருவரும் அந்தப் பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். ஒன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அந்தப் பள்ளியில் சேர்த்தால் கையில் நிற்கும் 1 லட்சத்தை மகள் பெயரில் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் போடலாம். 2025-26இல் வட்டி 8.2 சதவீதம். காலாண்டுக்கு ஒரு முறை அரசு அதை மாற்றலாம் என்றாலும், இதே வட்டி நீடித்தால் 21 ஆண்டு முடிவில் அந்த ஒரு லட்சம் ஏறத்தாழ 5.2 லட்சமாகும், வட்டிக்கு வரி இல்லை. கணக்கு உயிருடன் இருக்க முதல் 15 ஆண்டுகள் ஆண்டுக்கு 250 ரூபாயாவது செலுத்த வேண்டும். பதினெட்டு வயதில் மேற்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். மெட்ரிக் பள்ளிதான் என்று முடிவானால், தனியார் பள்ளிகளுக்கான அரசின் கட்டணக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அதைப் பள்ளியின் பெயரில் வங்கி வழியாகச் செலுத்திப் பள்ளியின் ரசீதை வாங்குங்கள். அதற்கு மேல் கேட்டால் தர மறுக்கவும், மாவட்டக் கல்வி அலுவலரிடம் புகார் தரவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அம்மாவின் திருப்பணிப் பணம் வேறு வகை. சமய, அற நிறுவனங்கள் தம் வருமானத்தை நோக்கத்துக்கே செலவிட்டால் அரசு வரி கேட்பதில்லை. ஆனால் கொடுப்பவருக்கான சலுகை, சாதி மதம் பாராமல் செய்யும் அறப்பணிக்குத்தான். 80ஜி பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சமயக் காரியத்துக்குச் செலவிடக் கூடாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும் மத்திய அரசு தனியாக அறிவிக்கை செய்திருந்தால்தான் அதன் புதுப்பிப்புக்குத் தருவதில் பாதி கழியும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலும் அயோத்தி ராமர் கோயில் அறக்கட்டளையும் அப்படி அறிவிக்கப்பட்டவை. உங்கள் ஊர்க் கோயில் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் சலுகை இல்லை; இருந்தாலும், அம்மா புதிய வரி முறையில் இருந்தாலோ 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ இல்லை. அவர் வரிக்காகக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். உண்டியலில் போடாமல் கோயில் கணக்குக்குக் காசோலையாகக் கொடுத்து, திருப்பணி உபயம் என்று அவர் பெயரிலேயே ரசீது எழுதச் சொல்லுங்கள்.