தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

பாலியல் வன்முறை என்றதும் எஃப்.ஐ.ஆர்., கோர்ட், ஜெயில் என்ற ஒரே பாதைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்த வழக்கை நடத்துவது அரசு. அதில் நீங்கள் சாட்சி. ஆஸ்பத்திரிச் செலவு, போன வேலை, காலி செய்த வீடு, இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்பது தனிக் கணக்கு. இம்முறை வந்த கடிதங்களில் அந்தக் கணக்கைக் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயரும் ஊரும் போடவில்லை. சிலர் ‘கற்பழிப்பு’ என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை மட்டும் மாற்றிவிட்டேன்.

இரண்டு வருடமாக மகளிர் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. வேலையை விட்டுவிட்டேன். தீர்ப்பு வந்த பிறகுதான் இழப்பீடு என்கிறார் ஏட்டையா. உண்மையா மேடம்?

இல்லை. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். எஃப்.ஐ.ஆர். நகலோடு அங்கே மனுக் கொடுங்கள். 2018-இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு வகுத்த திட்டப்படி பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை, கூட்டு வன்கொடுமைக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை கிடைக்கும். இடைக்கால நிவாரணமும் கேட்கலாம். அது உச்சத் தொகையில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கிலும் கேட்கலாம். விடுதலைத் தீர்ப்பு வந்தாலும் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இந்த இழப்பீட்டுக்கு வழிசெய்யும் பிரிவு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ என்று இருந்தது; 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 396.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். இறுதித் தொகை முழுவதும் ஒரே தடவையில் கைக்கு வராது. பொதுவாக 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டு வைப்புநிதியில் போகும், மீதிதான் உடனே எடுக்க முடியும். படிப்புக்கோ சிகிச்சைக்கோ அவசரம் என்றால் அதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்தால் போதும்.

நான் தங்கியிருந்த விடுதியின் காவலாளிதான் செய்தது. அவன் உள்ளே இருக்கிறான். விடுதி நடத்துபவர் “எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்கிறார். அவர்மேல் வழக்குப் போட முடியுமா?

போடலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் (சிவில் கோர்ட்) நட்டஈடு கேட்டு இருவர் மேலும் வழக்குத் தொடரலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மாடி விளக்கு எரியவில்லை, அவனைப் பற்றி முன்பே புகார் சொல்லியும் கண்டுகொள்ளவில்லை என்பவை எல்லாம் இங்கே எடைபோடப்படும். 1998-இல் ஹவுரா ரயில் நிலையத்தின் பயணியர் விடுதியில் வங்கதேசப் பெண் ஒருவர் ரயில்வே ஊழியர்களால் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். “அது ஊழியர்களின் தனிப்பட்ட குற்றம்” என்றுதான் ரயில்வேயும் வாதாடியது. 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் ரயில்வே 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. அது அரசு நிறுவனம் என்பதால், உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனுவிலேயே முடிந்தது. தனியார் விடுதி என்றால் சிவில் கோர்ட்டில் நட்டஈட்டு வழக்குத்தான் வழி.

முதல் வேலையாக, விடுதியின் சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டிருக்கும். சில வாரம் தாமதித்தாலே போய்விடும். போலீஸ் ஏற்கெனவே எடுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த வழக்கைப் போடுவதற்கான மூன்று ஆண்டு காலவரம்பையும் மறக்க வேண்டாம். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிட்டவர்கள் உண்டு.

இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி நம்பினால் போதும். குற்ற வழக்கில் விடுதலையானவர்மேலும் இந்த வழக்கு நிற்கும். ஆனால் எதிராளியிடம் சொத்தோ வருமானமோ இல்லையென்றால், பணம் தரச் சொல்லும் தீர்ப்பாணை (டிக்ரி) வெறும் காகிதம்தான். கோர்ட் ஃபீஸ் கட்ட முடியாதவர்கள், அதைக் கட்டாமல் வழக்கு நடத்த அனுமதி கேட்டு வறியவர் மனுப் போடலாம். உங்கள் பெயரை மறைக்கவும், மூடிய அறையில் விசாரிக்கவும் தனியாக மனுப் போடச் சொல்லுங்கள். இந்த வகை வழக்கில் அது தானாக நடக்காது.

ஆறு பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடை. முதலாளியே கை வைக்கிறார். புகார்க் குழு எங்கே இருக்கிறது எங்கள் கடையில்?

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டப்படி, வேலை செய்பவர்கள் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலோ, முதலாளியே எதிராளியாக இருந்தாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். மன வேதனை, வேலையிழப்பு, மருத்துவச் செலவு எல்லாம் கணக்கிட்டு இழப்பீடு தரச் சொல்ல அந்தக் குழு பரிந்துரைக்கலாம். போலீஸ் புகாரை இது தடுக்காது.

கணவர்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் அக்கா.

சிரிக்கட்டும். சேர்ந்து வாழும் கணவன்மேல் பாலியல் வன்கொடுமைப் பிரிவில் வழக்குப் போடச் சட்டம் இன்றும் இடம் தரவில்லை; பிரிந்து வாழும் மனைவியிடம் கணவன் அப்படி நடந்தால் அது குற்றம். ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அவர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் இருக்கும் உரிமை, மாதச் செலவு, இழப்பீடு நான்கையும் ஒரே மனுவில் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. இரவு நேர அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

ஊர்ப் பெரியவர்கள் ஐந்து லட்சம் வாங்கித் தருகிறோம், கேஸை வாபஸ் வாங்கு என்கிறார்கள். அரசு தருவதும் பணம்தானே, என்ன வித்தியாசம்?

அரசு தரும் பணத்துக்கு நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் கேட்பது உங்கள் சாட்சியத்தை. இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமே அல்ல. ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டாலும் வழக்கு அதோடு முடிந்துவிடாது; “காசு வாங்கிக்கொண்டார்” என்று உங்களையே கேட்க எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு காகிதம் கிடைக்கும், அவ்வளவுதான். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992-இல் அரசு ஊழியர்கள் பழங்குடிப் பெண்களுக்கு இழைத்த பாலியல் கொடுமைக்கு, 2023 செப்டம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் தர உத்தரவிட்டது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும் சொன்னது. அங்கே தண்டனையும் உறுதியானது, இழப்பீட்டு உத்தரவும் வந்தது.

வெற்றுத் தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்று இன்றே எழுதி அரசு வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.