பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கோடைக்கால மருத்துவப் பயிற்சியில் சேர்க்கலாமா?

கேள்வி: மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள். பள்ளி மாணவர்களுக்கான கோடைக்கால மருத்துவப் பயிற்சி என்று நெட்டில் நிறைய விளம்பரம் வருகிறது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெயரெல்லாம் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கடலூர். பணம் கட்டிச் சேர்க்கலாமா, இல்லை பக்கத்திலேயே ஏதாவது உண்டா?

பதில்: சான்றிதழுக்காகப் பணம் கட்ட வேண்டாம். ஆனால் இந்தக் கோடையைச் சும்மா விட்டுவிடவும் வேண்டாம். கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். உங்கள் கேள்வி வருடா வருடம் ஏப்ரலில் என்னிடம் வரும் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்க விஷயம். அங்கே பிளஸ் டூ முடித்தவுடன் நேராக மருத்துவக் கல்லூரியில் சேருவது மிக அரிது. பெரும்பாலானவர்கள் நான்கு வருடம் பட்டப்படிப்பு முடித்து, தனியாக ஒரு நுழைவுத் தேர்வு எழுதி, அதன் பிறகு விண்ணப்பிக்கிறார்கள். மதிப்பெண்ணோடு, மருத்துவருடன் கூட இருந்து பார்த்தாயா, தொண்டு செய்தாயா, ஆய்வகத்தில் வேலை பார்த்தாயா என்றும் கேட்பார்கள். பட்டப்படிப்புக் கல்லூரிகளே பிள்ளை பள்ளிக்கு வெளியே என்ன செய்தது என்று பார்க்கும். அதனால்தான் அங்கே பள்ளி வயதிலேயே இப்படிக் கோடைப் பயிற்சிகள் பெருகியிருக்கின்றன.

அவற்றில் உண்மையிலேயே மதிப்புள்ளவை பெரும்பாலும் இலவசம், இடம் கிடைப்பது கடினம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் எட்டு வாரக் கோடை ஆய்வுப் பயிற்சி நல்ல பெயர் பெற்றது. அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும் மட்டும்தான். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பள்ளி மாணவர்களை எடுத்துக்கொண்டு வந்த கோடைப் பயிற்சியும் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. (ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிடியூட்) என்ற ஆறு வாரப் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது, வெளிநாட்டு மாணவர்கள் சிலரையும் சேர்ப்பார்கள், ஆனால் அது அறிவியல் முழுவதற்குமானது, போட்டியும் மிகக் கடுமை. நம் கண்ணில் விளம்பரமாக வந்து விழுபவை பெரும்பாலும் காசு கட்டுகிற யாரையும் சேர்த்துக்கொள்பவை. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து வேறொரு கம்பெனி நடத்தும் வகுப்பும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு வரலாம். யார் நடத்துகிறார்கள், யார் பாடம் எடுக்கிறார்கள் என்று விசாரிக்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

இங்கே நிலைமையே வேறு. எம்.பி.பி.எஸ். இடம் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். சேரும் வருடத்தின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவ நிறுவனமான ஜிப்மருக்கு முன்பு தனி நுழைவுத் தேர்வு இருந்தது, 2020 முதல் அதுவும் நீட்டுக்குள் போய்விட்டது. கோடைப் பயிற்சிச் சான்றிதழுக்கு எந்தக் கலந்தாய்விலும் அரை மதிப்பெண் கிடையாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பல பெற்றோருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது: தமிழ்நாட்டில் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்க ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் இதுவரை அரசுப் பள்ளி என்றால், பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றும் முன் நன்றாக யோசியுங்கள்.

சான்றிதழுக்கு மதிப்பில்லை என்றால் கோடையில் எதற்கு மெனக்கெட வேண்டும்? நம் பிள்ளைகள் நோயாளியையே பார்க்காமல் டாக்டர் ஆக முடிவு செய்கிறார்கள் என்பதுதான் காரணம். பதினைந்து வயதில் எடுத்த முடிவுக்காக இரண்டு வருடம் கோச்சிங், தேவைப்பட்டால் இன்னொரு வருடம் ரிப்பீட்டர், வீட்டில் நகை அடகு. அந்த வேலை எப்படி இருக்கும் என்று ஒரு வாரமாவது பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டுமே! பிளஸ் ஒன் முடிந்த கோடை பெரும்பாலும் கோச்சிங்குக்குப் போய்விடும். பத்தாம் வகுப்பு முடிந்த கோடைதான் கையில் உள்ள கோடை.

அதற்கு நான் முதலில் சொல்வது உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரியில் உங்கள் மகளுக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலர், செவிலியர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், கிராம சுகாதார செவிலியர் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, நீங்களும் கூடவே போய், மருத்துவ அலுவலரைப் பாருங்கள். "மருத்துவப் பயிற்சி" என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்களால் அனுமதி தர முடியாது. "சில நாட்கள் காலையில் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா, சீட்டு எழுதவோ வரிசையை ஒழுங்குபடுத்தவோ உதவலாமா" என்று கேளுங்கள். மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றால் காத்திருங்கள். முடியாது என்றாலும் வருத்தப்படாமல் அடுத்த நிலையத்தில் கேட்கலாம்.

அனுமதி கிடைத்தால் புதன்கிழமையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது தடுப்பூசி நாள். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்கட்டும். பல தடுப்பூசிக் குப்பிகளில் சின்ன வட்டமும் அதற்குள் ஒரு வெளிர் சதுரமும் அச்சிட்டிருக்கும். குப்பியில் சூடு ஏற ஏற அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்தைப் போடக் கூடாது. இதைக் கையில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு வேதிவினை வேகமும் வெப்பநிலையும் பற்றிய பாடத்தை நான் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. ஊசி போட்ட பிறகு குப்பை எங்கே போகிறது என்றும் கவனிக்கச் சொல்லுங்கள்: ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்பில், ஊசிகள் குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். எந்த ஊசியையும் அவள் தொடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கும் அரசுத் திட்டம், "மக்களைத் தேடி மருத்துவம்", 2021-இல் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் தன்னார்வலர் அக்கா உங்கள் தெருவுக்கு வரும்போது அவரோடு சில வீடுகளுக்குப் போய் வர முடிந்தால், ஒரு வகுப்பறையில் கிடைக்காத படிப்பு அது. பி.பி. பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் பழகிவிடும். மாத்திரை வாங்கி வைத்துவிட்டுப் போடாமலே இருக்கும் பாட்டியிடம் "ஏன் பாட்டி போடல?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கப் பழகுவதுதான் கடினம். நான் பார்த்தவரை, அந்தப் பொறுமை உள்ள பிள்ளைகள்தான் இந்தத் துறையில் நிலைத்து நிற்கிறார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொசு. புதுச்சேரி இந்திரா நகரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1975-இல் தொடங்கியது. புதுச்சேரிப் பகுதியில் யானைக்கால் நோய் பரவலாக இருந்த காலம் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த மையம், கொசு உற்பத்தியாகும் இடங்களையே ஒழிக்கும் ஒரு பெரிய திட்டத்தைப் புதுச்சேரி நகரில் நடத்திக் காட்டியது. யானைக்கால் நோய்க்கு முன்பெல்லாம் ராத்திரியில் வீடு வீடாக வந்து ரத்தம் எடுத்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த நோயின் நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் தங்கிவிட்டு, இரவில்தான் தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வருகின்றன. அவற்றைக் கடத்தும் க்யூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். இரண்டும் எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகின்றன என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே இன்னும் வியப்பாக இருக்கிறது. பள்ளியிலிருந்து கடிதம் எழுதி, சின்னக் குழுவாகப் பார்க்க வரலாமா என்று அந்த மையத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் வீட்டிலேயே செய்ய ஒரு வேலை இருக்கிறது. மொட்டை மாடி டிரம், பழைய டயர், தெருச் சாக்கடை மூன்றிலிருந்தும் கொஞ்சம் தண்ணீர் எடுத்துத் தனித்தனி பாட்டிலில், வாயைக் கொசுவலைத் துணியால் இறுகக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். சாக்கடையில் கை படாமல் கரண்டியால் எடுக்க வேண்டும், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் படுக்கையாக மிதக்கும் கொசுப்புழு அனாஃபிலிஸ், மலேரியா பரப்பும் வகை. தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் க்யூலெக்ஸ் அல்லது ஏடிஸ். மூச்சுக்குழல் நீளமாக இருந்தால் க்யூலெக்ஸ், குட்டையாக இருந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ். பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம், தினமும் தேதி போட்டு வரைந்த படம், எந்தத் தண்ணீரில் எத்தனை என்ற கணக்கு, இவ்வளவு போதும். கூட்டுப்புழு ஆனதும் கொசுவாகப் பறக்கவிடாமல் தண்ணீரை வெயிலில் காய்ந்த மணலில் கொட்டிவிடுங்கள். பிறகு தெருவில் எந்தெந்த வீட்டு டிரம்மில் ஏடிஸ் புழு இருக்கிறது என்று அவளே போய்ச் சொல்லட்டும். பொது சுகாதாரம் என்ற துறை செய்வது இதைத்தான், அளவு மட்டும்தான் பெரிது.

அடுத்து, டாக்டரைத் தவிர மற்ற வேலைகளைப் பார்ப்பது. புதுச்சேரி தவளக்குப்பத்தில் கடலூர் சாலையிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. தாத்தாவுக்குக் கண்புரை பார்க்கப் போகும்போது மகளைத் துணைக்கு அனுப்புங்கள். பார்வைப் பரிசோதனை முதல் அறுவை அரங்க உதவி வரை ஓடியாடி வேலை பார்க்கும் பெண்களில் பலர், பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்து அங்கேயே இரண்டு வருடப் பயிற்சி பெற்றவர்கள். கோரிமேட்டில் ஜிப்மர். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. எம்.பி.பி.எஸ். தவிர நர்சிங்கும் ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற துணை மருத்துவப் பட்டங்களும் அங்கே உண்டு. சிதம்பரம் அண்ணாமலை நகரில் இப்போது நமக்கு அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு பெண், டாக்டர் ஆவேன் என்று உறுதியாக இருந்தவள், ஒரு கோடையில் லேப்பில் மைக்ரோஸ்கோப் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கமே திரும்பிவிட்டாள். இன்று ரத்த வங்கியில் வேலை பார்க்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு அதை ஏற்றுக்கொள்ளச் சில வருடம் ஆனது.

ஒரு பயம் எல்லாப் பிள்ளைக்கும் வரும்: ரத்தத்தைப் பார்த்து மயக்கம் வந்துவிட்டால் நான் லாயக்கில்லையோ என்று. அப்படி இல்லை. அந்த நேரத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால் வரும் மயக்கம் அது. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தால் பெரும்பாலும் சில நிமிடத்தில் சரியாகிவிடும். மருத்துவ மாணவர்களுக்கே வரும், பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

எங்கே போனாலும் நோயாளியைப் போட்டோ எடுக்கக் கூடாது, பார்த்த நோயைப் பெயரோடு வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. பள்ளி மாணவர்களை ஊசி போட வைக்கிறோம், ஆபரேஷன் தியேட்டருக்குள் நிறுத்துகிறோம் என்று பெருமையாக விளம்பரம் செய்யும் பயிற்சி எதுவாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். அங்கே படுத்திருக்கும் நோயாளி அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். போவதற்கு முன் மகளின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி விட்டுப்போயிருக்கலாம், ஹெபடைடிஸ் பி முழுதாகப் போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால், செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவி வகுப்பு எப்போது என்று விசாரியுங்கள். நின்றுபோன இதயத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படிக்கலாம். பொம்மையில் அழுத்திப் பார்த்தால்தான் இரண்டு நிமிடத்தில் கை எப்படித் தளர்கிறது என்று தெரியும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காட்டிலோ வயலிலோ பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், வாயால் உறிஞ்சாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருப்பது அந்தத் தெருவுக்கே நல்லது.

உயிரியலில் உண்மையான வெறி இருந்தால் ஒன்று மட்டும் தேதி பார்த்துச் செய்ய வேண்டியது, பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் போட்டியான ஒலிம்பியாட். இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் நடத்தும் தேசிய உயிரியல் தேர்வுதான் முதல் படி. அதைத் தாண்டி அடுத்த தேர்விலும் முன்னணியில் வருபவர்களைக் கோடையில் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்துக்கு அழைத்துச் செய்முறைப் பயிற்சி தருகிறார்கள். அங்கிருந்து நான்கு பேர் சர்வதேசப் போட்டிக்குப் போவார்கள். காசு கொடுத்து வாங்க முடியாத கோடை முகாம் அது. விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். ஜூனில் பள்ளி திறந்ததும் உயிரியல் ஆசிரியரிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் நம் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் யாராவது கேட்டால்தான் அந்த விண்ணப்பத்தைத் தேடிப் பார்க்கிறார்கள்.