கேளுங்க, சொல்றேன்: குழாய் அடைச்ச சேதி

கேள்வி: காலைல ஹோஸ் பைப் போட்டு வண்டி கழுவிட்டிருந்தேன், ரெண்டு பேர் வந்து போட்டோ எடுத்து அபராத ரசீதை கைல குடுத்துட்டுப் போயிட்டாங்க. வறட்சியாம், ஹோஸ் போடக்கூடாதாம், மூணு வாரமா தடை இருக்காம். சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. ஆபீஸ்ல கேட்டா "போர்டுல ஒட்டியிருக்கோமே"ங்கறாங்க. கட்டித்தான் ஆகணுமா?
- வாளிக்கு மாறிட்ட வாசகர்

பதில்: ரசீதைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, அதுதான் முதல்ல. அதுல கடைசி தேதி இருக்கும், அதுக்குள்ள எழுத்துல ஆட்சேபணை குடுங்க, தடை உத்தரவோட நகல் வேணும், அது எந்தத் தேதில போட்டது, ஜனங்களுக்கு எப்படி எப்போ தெரிவிச்சீங்கன்னு கேளுங்க. சட்டம் தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு ஒரு வாதம் வரும், வரட்டும், ஆனா தெரிஞ்சுக்க வழி வச்சிருந்தாங்களாங்கறதும் நியாயமான கேள்விதானே. அபராதம் ரத்தாகும்னு நான் கேரண்டி குடுக்க மாட்டேன், முதல் தடவைன்னு எச்சரிக்கையோட விட்டாலும் விடலாம். போனதும் அந்த போர்டை ஒரு போட்டோ எடுத்துக்குங்க. ஏன் சொல்றேன்னா, நானும் ஒரு தடவை இப்படித்தான் தேடிப் போனேன், மாடிப்படிக்குக் கீழ கண்ணாடிப் பெட்டி, பூட்டு வேற, உள்ள நாலு டெண்டர், ஒரு பணி ஓய்வு பாராட்டு விழா அழைப்பிதழ், அதுக்கெல்லாம் அடில நம்ம தண்ணி நோட்டீஸ். வெளிய தெரிஞ்சது கடைசி வரி மட்டும்தான்: "மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்." எதை மீறினா? அது டெண்டருக்குப் பின்னாடி!

கேள்வி: தண்ணி நிக்கப்போகுதுன்னு முன்கூட்டியே சொன்னா எல்லாரும் டிரம் டிரம்மா பிடிச்சு வச்சுடுவாங்க, அதனாலதான் சொல்லலன்னு எங்க ஏரியா அதிகாரி சொல்றார். கேக்க சரியாத்தான் இருக்கு...
- மூணாவது மாடி வாசகி

பதில்: பாதி சரிங்க. அறிவிச்ச அன்னைக்கு ராத்திரி எல்லா வீட்டுக் குழாயும் திறந்துதான் இருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனா சொல்லாம விட்டா பதுக்கல் நின்னுடுமா? எப்போ வரும் எப்போ போகும்னே தெரியாதவன் தினமும் டிரம்மை நிரப்புவான், மறுநாள் புதுத் தண்ணி வந்தா பழசைக் கொட்டிட்டு மறுபடி நிரப்புவான். நேரம் தெரிஞ்சவன் தேவைக்குப் பிடிப்பான். தென்னாப்பிரிக்கால கேப் டவுன் கதை தெரியும்ல, 2018 ஜனவரில குழாயை அடைக்கப்போற நாளைத் தேதி போட்டே சொன்னாங்க, 'டே ஜீரோ'ன்னு. பிப்ரவரிலேர்ந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான்னு நம்பரையும் சொன்னாங்க, அணைல எவ்வளவு இருக்குன்னு வாராவாரம் வெளியிட்டாங்க. பீதியா? இருந்துச்சு, கடைல பாட்டில் தண்ணி காலி, ஊற்றுல நீள வரிசை. ஆனா 2015ல ஒரு நாளைக்கு 120 கோடி லிட்டர் வரைக்கும் குடிச்ச ஊரு, 2018 மார்ச்ல 60 கோடிக்கும் கீழ வந்துடுச்சு, அந்த நாளும் வரவே இல்ல. இந்தப் பக்கம் பிரேசில்ல இருக்கற சாவோ பாலோ, 2014ல ராத்திரில குழாய் அழுத்தத்தைக் குறைச்சுட்டு, ரேஷன்லாம் எதுவும் கிடையாதுன்னு சொல்லிட்டிருந்தாங்க. (அது தேர்தல் வருஷம், சும்மா சொல்லி வைக்கிறேன்.) அழுத்தம் குறைஞ்சா யாருக்கு முதல்ல நிக்கும்? மேட்டுல இருக்கறவங்களுக்கு, லைனோட கடைசில இருக்கறவங்களுக்கு, உங்கள மாதிரி மாடில இருக்கறவங்களுக்கு. கீழ் வீட்டுக்காரருக்கு வறட்சின்னே தெரியாது, அவர் பாட்டுக்கு செடிக்கு ஊத்திட்டிருப்பார். வீட்லயே டயாலிசிஸ் பண்றவங்கள யோசிச்சுப் பாருங்க, ஒரு தடவைக்கே நூறு லிட்டருக்கு மேல ஓடும், அவங்ககிட்ட சொல்லாம வால்வைத் திருப்பறது என்ன நிர்வாகம்? அதிகாரிகிட்ட பெருசா எதுவும் கேக்க வேணாம், எந்தத் தெரு, எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும், எந்தத் தேதி வரைக்கும், ஆளுக்கு எவ்வளவு, இத ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஒவ்வொரு வாசல்லயும் போடச் சொல்லுங்க. பில்லு மட்டும் தப்பாம வீடு தேடி வருதில்ல, அதே ஆள்கிட்ட குடுத்து விட்டா போதும்.

கேள்வி: நின்னு போய் திரும்ப வர்ற தண்ணி செங்கல் கலர்ல இருக்கு, குழாய் வேற புஸ்ஸுபுஸ்ஸுன்னு சீறுது. குடிக்கலாமா?

பதில்: வேணாம், முதல்ல வர்றத பிடிச்சு டாய்லெட்டுக்கு ஊத்துங்க. பைப்பு காலியா கிடந்தப்போ உள்ள காத்து புகுந்திருக்கும், அதான் சீறுது, அது மீட்டரையும் கொஞ்சம் சுத்திவிடும், பில்லு வந்தா கவனிங்க. கலர் பெரும்பாலும் துருவும் அடில தங்கின வண்டலும். கலரை விட மோசமானது கண்ணுக்குத் தெரியாதது, அழுத்தம் இல்லாத பைப்புல விரிசல் இருந்தா பக்கத்துல தேங்கின சாக்கடைத் தண்ணி உள்ள இழுத்துக்கும். தெளிஞ்ச அப்புறமும் தளதளன்னு கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும். இதையும் அந்தத் துண்டுச் சீட்டுலயே போட்டிருக்கலாம், ஒரு வரிதான்.

கேள்வி: நேத்து நல்ல மழை. தடை போயிடுச்சா?

பதில்: ஒரு மழைக்கு அணை நிரம்பாதுங்க, காஞ்ச மண்ணு முதல்ல தான் குடிச்சுட்டுத்தான் மிச்சத்த விடும். கேப் டவுன்லயும் மழை பெஞ்ச பிறகு படிப்படியாத்தான் தளர்த்தினாங்க. உங்க ஊர்ல எடுத்துட்டாங்களான்னு எனக்கு எப்படிங்க தெரியும், போன் பண்ணிக் கேளுங்க, பதில் சொன்னவர் பேரையும் நேரத்தையும் குறிச்சு வச்சுக்குங்க. அதுவரைக்கும் ஹோஸ் சுருட்டியே இருக்கட்டும், முதல் கேள்வி கேட்டவர் ரசீது இன்னும் முடிவாகல.