ரியோஹா பிடித்துவிட்டது, அடுத்து என்ன?

கேள்வி: நண்பர் வீட்டு விருந்தில் ரியோஹா கிரியான்ஸா என்ற ஸ்பெயின் சிவப்பு ஒயின் குடித்தேன். மிகவும் பிடித்துவிட்டது. அதே வாகில் அடுத்து எதை வாங்கலாம்? கடையில் ஸ்பெயின் ஒயின் வரிசைக்கு முன்னால் நின்றால் தலை சுற்றுகிறது.

பதில்: உங்களுக்குப் பிடித்தது திராட்சையா, ஒயினை முதிரவைத்த மரப் பீப்பாயா? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். இன்னொரு கிரியான்ஸா வாங்கி, கோப்பையில் ஊற்றிக் கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு முகர்ந்து பாருங்கள். வெனிலாவும் லேசான தேங்காய் மணமும் எழுந்தால் அது அமெரிக்க ஓக் பீப்பாய் தந்தது. செர்ரி, உலர்ந்த பிளம், கொஞ்சம் பதனிட்ட தோலின் வாசனை என்றால் அது பெரும்பாலும் தெம்ப்ரானியோ திராட்சையின் குணம்.

பீப்பாய்தான் ஈர்த்தது என்றால் ரியோஹா வட்டாரத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம். அங்கே கிரியான்ஸா என்றால் 2 ஆண்டு முதிர்ச்சி, அதில் குறைந்தது 1 ஆண்டு பீப்பாயில். ரெசர்வாவுக்கு 3 ஆண்டு. கிரான் ரெசர்வாவுக்கு 5 ஆண்டு. அதில் பீப்பாயில் 2, பாட்டிலில் 2 ஆண்டாவது இருக்க வேண்டும். பாட்டிலின் பின்பக்க முத்திரைச் சீட்டு கிரியான்ஸாவுக்குச் சிவப்பு, ரெசர்வாவுக்குக் கருஞ்சிவப்பு, கிரான் ரெசர்வாவுக்கு நீலம். விலை கூடினால் சுவையும் கூடும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கிரான் ரெசர்வாவில் பழச்சுவை அடங்கி, புகையிலையும் காய்ந்த இலையும் போன்ற மணம் மேலெழும். பழத்துக்காகக் குடிப்பவருக்கு அது ஏமாற்றம்தான்.

திராட்சைதான் பிடித்தது என்றால் துவேரோ ஆற்றோடு மேற்கே போங்கள். நான் யாருக்கும் முதலில் சொல்லும் வழி இதுதான். அந்த ஆற்றை ஒட்டிய ரிபெரா தெல் துவேரோ வட்டாரத்தில் அதே தெம்ப்ரானியோவுக்குத் தின்தோ ஃபினோ என்று பெயர். அங்கே தோட்டங்கள் பல 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கின்றன. கோடையில் பகல் சுட்டெரிக்கும், இரவு குளிர்ந்துவிடும். வெயில் பழத்தை நன்றாகக் கனியவைக்க, குளிர் அதன் புளிப்பைக் காப்பாற்றிவிடுகிறது. அதனால் ரியோஹாவைவிட நிறமும் துவர்ப்பும் கூடுதல். விறகு அடுப்பில் சுட்ட இளம் ஆட்டுக்கறியோடு அந்த ஊர்க்காரர்கள் இதைக் குடிப்பதில் காரணம் இருக்கிறது: கொழுப்பு நாக்கில் படிந்ததும் துவர்ப்பு மென்மையாகத் தெரியும்.

ஆற்றோடு இன்னும் கீழே போனால் தோரோ வட்டாரம். திராட்சை அதேதான், பெயர் தின்தா தே தோரோ. முரட்டு ஒயின், முதல் பாட்டிலாக வேண்டாம். எல்லை தாண்டினால் ஆறு போர்ச்சுகலின் டோரு ஆகிவிடுகிறது, தெம்ப்ரானியோ தின்தா ரோரிஸ் ஆகிவிடுகிறது. போர்ட் என்ற இனிப்பு ஒயினுக்குப் பேர்போன அந்தப் பாறைச் சரிவுகளில், தோரிகா நாசியோனால் என்ற திராட்சையோடு இதைக் கலந்து இனிப்பில்லாத சிவப்பு ஒயினும் செய்கிறார்கள். கொடுக்கும் விலைக்கு இவ்வளவு சுவை வேறெங்கும் கிடைப்பது அரிது என்பது என் கருத்து.

இவ்வளவு கனம் வேண்டாம் என்பவர்களுக்கு வடமேற்கே பியெர்சோவில் விளையும் மென்சியா திராட்சையின் ஒயின் இருக்கிறது. வாயில் இலகுவாக இருக்கும், பூ மணம். நல்ல பழச்சுவையும் தொண்டையில் சாராயச் சூடும் வேண்டுமென்றால் காலத்தாயுத், காம்போ தே போர்ஹா பகுதிகளின் கர்னாச்சா திராட்சை ஒயின். ஸ்பெயினுக்கு வெளியே, ரியோஹாவின் செர்ரியும் புளிப்பும் ஞாபகத்துக்கு வருவது இத்தாலியின் கியான்டி கிளாசிகோ என்ற சிவப்பு ஒயினில்.

எதை வாங்கினாலும், குடிப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் அறை வெப்பத்தில் சிவப்பு ஒயினில் சாராய நெடிதான் முன்னால் வரும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் அதற்குச் சரியான சூடு. முதல் பாட்டில் ரிபெரா கிரியான்ஸாவாக இருக்கட்டும். முடிந்தால் அன்றே ஒரு ரியோஹாவையும் திறந்து பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள்.