முரசு வைத்தியம் செய்தால் அம்மாவின் சீனி இறங்குமா?

அம்மாவுக்கு எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.6, பல் துலக்கினால் முரசில் (பல் ஈறில்) இரத்தம், துப்புரவாக்கினால் சீனி இறங்குமா என்று கேட்டிருந்தீர்கள். இறங்கும், ஆனால் கொஞ்சம்: 3-4 மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு. குளிசையைக் குறைக்க அது காணாது. முரசின் அழற்சி இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது, அதனால்தான் இந்தத் தொடர்பு.

பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள பையை மில்லிமீட்டரில் அளந்து எழுதினார்களா? 4 அல்லது அதற்கு மேல் என்றால், மேலால் சுரண்டுவதில் பயனில்லை. முரசுக்குக் கீழே வேர்வரை துப்புரவாக்க வேண்டும்.

கொழும்பு வோட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போங்கள், ஆனால் வெறும் வயிற்றோடு வேண்டாம். இரத்தப் பரிசோதனைக்குப் போய்ப் பழகியவர்கள் செய்யும் பிழை இது. குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வரிசையில் நின்றால் சீனி சட்டென்று விழலாம். விறைப்பு ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று மணித்தியாலம் மெல்லவும் முடியாது. அஸ்பிரின் எடுக்கிறார் என்றால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாய் கொப்பளிக்கக் குளோர்ஹெக்சிடின் மருந்து தந்தால் 10 மி.லி., பல் துலக்கி அரை மணி கழித்து. பிளேன்டீ குடிப்பவருக்குப் பல் கறுக்கும், இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம்.

அடுத்த எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்து.