வாசகர் கேள்வி–பதில்: பிரேக் குழாயின் நட்டு மழுங்கிவிட்டால்?

கேள்வி: என் காருக்குப் பதினைந்து வயதாகிறது. பின்சக்கரத்தின் வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிந்ததால் அதை நானே மாற்றத் தொடங்கினேன். குழாயை இணைக்கும் நட்டு துருவேறி இறுகியிருந்தது. சாதாரண ஸ்பேனரைப் போட்டுத் திருப்பியதில் அதன் பட்டைகள் மழுங்கிவிட்டன, நட்டு இன்னும் கழலவில்லை. எப்படியாவது கழற்றி, டெஃப்லான் டேப் சுற்றி மறுபடி இறுக்கினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். குழாயை வெட்டிப் பித்தளை ஜாயின்ட் போடலாம் என்கிறார் இன்னொருவர். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: முடியும், ஆனால் நண்பர்கள் சொன்ன இரண்டு வழிகளிலும் அல்ல. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் மரையின் வழியாகத்தான் நீர் கசியும் என்பதால் அங்கே டேப் சுற்றுகிறோம். பிரேக் குழாயில் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது மரை அல்ல. குழாயின் நுனி விரித்து மடிக்கப்பட்டிருக்கும். அந்த விரிந்த வாய், சிலிண்டருக்குள் இருக்கும் இருக்கையின் மீது உலோகத்தோடு உலோகமாக அழுந்துவதால்தான் கசிவு நிற்கிறது. நட்டின் வேலை அந்த அழுத்தத்தைக் கொடுப்பது மட்டுமே. டேப் சுற்றினால் வாய் சரியாக உட்காராமல் போகலாம். பிய்ந்த துணுக்குகள் உள்ளே போய் ஆயிலின் வழியை அடைக்கவும் கூடும். பித்தளை ஜாயின்ட்டோ குழாயை வெறும் வளையத்தால் கவ்விப் பிடிப்பது. பெடலைப் பலமாக மிதிக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் 100 பாரைத் தாண்டக்கூடும். அந்த நேரத்தில் கவ்வல் நழுவினால் அந்தக் குழாய் வழியைச் சேர்ந்த சக்கரங்களில் பிரேக் இருக்காது.

முதலில் பழைய நட்டைக் கழற்ற வேண்டும். காரை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல் உறுதியான ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை நட்டின் அடியில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். இந்த வேலைக்கு உரிய கருவி ஃபிளேர் நட் ஸ்பேனர்: ரிங் ஸ்பேனர் போலவே இருக்கும், குழாய் நுழைய வளையத்தில் ஒரு பிளவு மட்டும் இருக்கும். சாதாரண ஸ்பேனர் நட்டின் இரண்டு பட்டைகளை மட்டுமே பிடிக்கும். இது ஏறக்குறைய முழு நட்டையும் அணைத்துக்கொள்ளும். தொடக்கத்திலேயே இதைப் போட்டிருந்தால் நட்டு பெரும்பாலும் தப்பியிருக்கும். இப்போது மழுங்கிவிட்டதால், எப்படியும் மாற்றப்போகிற குழாய்தானே என்று அதை நட்டை ஒட்டியே வெட்டிவிட்டு, ஆறு பட்டை சாக்கெட்டை லேசாகத் தட்டி ஏற்றித் திருப்புவதே சுத்தமான வழி. அதற்கும் அசையாவிட்டால் வைஸ் கிரிப்பால் (பிடித்ததும் பூட்டிக்கொள்ளும் குறடு) கவ்விப் பாருங்கள். துரு இளக்கும் எண்ணெய் புதிய சிலிண்டரின் உள்ளே படக்கூடாது. பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் அதில் ஊதிப்போகும்.

குழாயின் மறுமுனை ரப்பர் ஹோஸில் சேர்கிறது. இரு முனைகளும் விரித்து, நட்டுகளோடு உங்கள் மாடலுக்கென்றே வரும் குழாயை வாங்குவதுதான் என் பரிந்துரை. பழைய துண்டுகளை மாதிரிக்குக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பல கார்களில் குழாய் 4.75 மில்லிமீட்டர் தடிமனும், நட்டின் மரை 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டவை. ஏமாறும் இடமும் இதுதான். விரிந்த வாயில் இரண்டு வகை உண்டு. ஒன்று புனல் போல் உட்புறம் சரிந்திருக்கும். ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் பெரும்பாலும் இதுவே. மற்றொன்று நுனியில் குமிழ் போல் புடைத்திருக்கும். ஐரோப்பியக் கார்களில் அதிகம். இரண்டுக்கும் மரை ஒன்றாகவே இருக்கலாம் என்பதால் தவறான குழாயும் தடையின்றி ஏறிவிடும், பிறகு கசியும்.

நீங்களே விரிப்பதானால், ரம்பத்தால் அறுக்காமல் குழாய் வெட்டியால் நேராக வெட்டி, உள்விளிம்பின் பிசிறை நீக்கி, வேண்டாத துண்டுகளில் பழகிய பிறகே செய்யுங்கள். விரிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் கோத்துவிடுங்கள். தொழில் தெரிந்தவர்களே மறப்பது இதைத்தான்.

பொருத்தும்போது முதல் சில சுற்றுகளைக் கை விரலால் மட்டுமே ஏற்ற வேண்டும். விரலால் ஏறவில்லையென்றால் மரை குறுக்காகப் பிடித்திருக்கிறது என்று பொருள், ஸ்பேனரை எடுக்காதீர்கள். முழு இறுக்கம் பொதுவாக 15 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள். கசிந்தால் மேலும் மேலும் இறுக்காமல், ஒருமுறை தளர்த்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். அப்போதும் ஈரம் தெரிந்தால் வாய் சரியில்லை. சிலிண்டரின் இருக்கையில் கீறலோ மரைச் சிதைவோ இருந்தால் வீட்டு வைத்தியம் கிடையாது, பாகத்தையே மாற்ற வேண்டும்.

பிறகு பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் குறித்துள்ள வகை ஆயிலைப் புதிய புட்டியிலிருந்து ஊற்றி, கையேடு சொல்லும் வரிசையில் சக்கரங்களில் ஏர் எடுங்கள், அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் பட்டறையின் ஸ்கேன் கருவி தேவைப்படலாம். கடைசியாக, இணைப்பில் டிஷ்யூ காகிதம் சுற்றி, என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் அரை நிமிடம் பெடலைப் பலமாக மிதித்துக்கொண்டிருக்கட்டும். காகிதம் உலர்ந்திருந்து பெடலும் கீழே இறங்காமல் நின்றால் தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

கேள்வி: ஃபிரிட்ஜ் வேலைக்கு வாங்கிய செம்புக் குழாய் மீதம் இருக்கிறது. வளைக்க எளிதாக இருப்பதால் பிரேக்குக்குப் போடலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூடாது. தனிச் செம்பு தொடர்ந்த அதிர்வில் இறுகி வெடிப்பு விடும். ஃபிரிட்ஜ் வேலையில் போடும் ஒற்றை விரிப்பும் பிரேக் அழுத்தத்துக்குப் போதாது. வளைக்க எளிதானதுதான் வேண்டுமென்றால், பிரேக்குக்கென்றே விற்கும், சுமார் 10 சதவீதம் நிக்கல் கலந்த செம்புக் குழாயை வாங்குங்கள். அது இரும்பைப் போல் துருவேறாது என்பதால் தூத்துக்குடி வாசகருக்கும் பொருந்தும். பழைய கிளிப்புகள் இருந்த எல்லா இடங்களிலும் அதைப் பிணைத்து, சைலன்சர் குழாயின் பக்கம் போகாமலும் எதிலும் உரசாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.