ஒரே வீட்டுச் சாப்பாடு, இரண்டு உடல்வாகு

கேள்வி: எனக்கு வயது 34. நானும் என் தங்கையும் ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவள் இன்றும் ஒல்லியாக இருக்கிறாள். நானோ பள்ளியில் படிக்கும்போதே பருமனாகிவிட்டேன். எங்கள் அப்பாவுக்கும் அத்தைக்கும் பருத்த உடம்பு. "இது பரம்பரை உடம்பு, ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார் அம்மா. "வாயைக் கட்டினால் தானாகக் குறையும்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் அம்மா சொன்னதில் முதல் பாதி சரி; இரண்டாம் பாதி சரியல்ல. உங்கள் கணவர் சொல்வதோ, அக்கறையோடு சொன்னதாகவே இருந்தாலும், உங்களுக்கு அநியாயம் செய்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இந்தக் கேள்வியைக் கேட்கும் பலரும் தம்மைத் தாமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

உடன்பிறந்தவர்களுக்கிடையே மரபணு ஒற்றுமை சராசரியாகப் பாதிதான். ஆகவே ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டும் இருவருக்கும் வெவ்வேறு உடல்வாகு அமைவதில் வியப்பில்லை. டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த 540 பெரியவர்களை ஆராய்ந்து 1986இல் வெளியான ஆய்வு, அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களின் உடல்வாகோடு ஒத்துப்போவதையும், வளர்த்தவர்களின் உடல்வாகோடு தொடர்பற்றிருப்பதையும் காட்டியது. 1990இல் வெளியான கனடா ஆய்வு இன்னும் தெளிவானது. அதில் உருவொத்த இரட்டையரான இளைஞர்கள் 12 ஜோடிகளுக்கு, தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கலோரி வீதம் 84 நாட்கள் உணவு கொடுத்தார்கள். கூடுதல் உணவு எல்லோருக்கும் ஒரே அளவுதான். ஆனால் ஒருவருக்கு எடை 4 கிலோவுக்குச் சற்று மேல் கூடியது, இன்னொருவருக்கு 13 கிலோ கூடியது. இரட்டையரில் ஒருவருக்கு அதிகம் ஏறியிருந்தால் மற்றவருக்கும் பெரும்பாலும் அதையொட்டியே ஏறியிருந்தது.

இத்தகைய ஆய்வுகளை வைத்து, மனிதருக்கு மனிதர் எடை வேறுபடுவதில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபணு சார்ந்தது என்று கணிக்கிறார்கள். இதை 'என் எடையில் 70 சதவீதம் பரம்பரை, மீதி என் தப்பு' என்று பங்கு பிரித்துக்கொள்ளக் கூடாது. அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒருவரின் உடம்பைப் பற்றியது அல்ல.

பரம்பரை என்றதும், உண்ட உணவை உடம்பு அப்படியே கொழுப்பாக மாற்றிவிடுகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், பருமனோடு தொடர்புடையவையாகக் கண்டறியப்பட்டுள்ள மரபணுக்களில் பல மூளையில் வேலை செய்பவை. பசியையும் நிறைவையும் ஆள்பவை. உங்களையும் உங்கள் தங்கையையும் ஒரே மேசையில் வைத்து நினைத்துப் பாருங்கள். தட்டில் பாதி இருக்கும்போதே அவளுக்குப் போதும் என்று ஆகிவிடுகிறது. எழுந்துவிடுகிறாள், மீதியை அதன் பிறகு நினைப்பதுகூட இல்லை. உங்களுக்கோ தட்டு காலியான பிறகும் அந்தப் 'போதும்' வருவதில்லை. பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு வேறு வேலையில் உட்கார்ந்தாலும் நினைப்பு அங்கேயே நிற்கிறது. அவள் வாயைக் கட்டவில்லை. கட்ட வேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை.

அப்படியானால் எல்லாம் பரம்பரைதான் என்று விட்டுவிடலாமா என்றால், கூடாது. 1990க்கும் 2022க்கும் இடையில் உலகில் பெரியவர்களிடம் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே தலைமுறைக் காலத்தில் மனித இனத்தின் மரபணு மாறிவிடுவதில்லை. மாறியது உணவும் உழைப்பும் உறக்கமும்தான். ஒரே மூதாதையரின் வழிவந்த பிமா பழங்குடியினரில், மெக்சிகோவின் மலைப்பகுதியில் உழவு செய்து வாழ்ந்தவர்கள், அமெரிக்காவின் அரிசோனாவில் வாழ்ந்தவர்களைவிடச் சராசரியாக 26 கிலோ குறைவாக இருந்ததை 1994இல் வெளியான ஆய்வு பதிவு செய்துள்ளது. பருமனோடு தொடர்புடையதாக 2007இல் அறியப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணுவையும் பாருங்கள்: அதன் பாதகமான வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்குச் சராசரியாக 3 கிலோ எடை கூடுதலாக இருக்கிறது, ஆனால் உடலுழைப்பு உள்ளவர்களிடம் அந்த மரபணுவின் தாக்கம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. வாகு பிறப்பிலேயே வருகிறது. அது எந்த அளவுக்கு வெளிப்படும் என்பதை வாழும் சூழல் தீர்மானிக்கிறது.

ஆகவே தங்கையின் எடையை உங்கள் இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மேம்படும். மிகக் குறைவாக உண்டு எடையை வேகமாகக் குறைத்தவர்களுக்கு, ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன் உயர்ந்தே இருந்ததை 2011இல் ஓர் ஆய்வு கண்டது. குறைந்த எடை திரும்ப ஏறுவது பெரும்பாலும் மன உறுதியின் குறையால் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. உறுதியைத் தினமும் சோதித்துப் பார்ப்பதைவிட, கண்ணில் படுவதை மாற்றுவது எளிது: நொறுக்குத்தீனி வீட்டுக்குள் வராமல் இருப்பது, தட்டின் அளவு சிறியதாக இருப்பது, தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறையாமல் இருப்பது. இதில் உங்கள் கணவருக்கும் வேலை இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மாறினால்தான் உங்களுக்கு மாறும். ஸ்டீராய்டு, மனநல மருந்து போன்றவற்றைச் சாப்பிட்டு வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவற்றில் சில எடையைக் கூட்டக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. வயதுக்கு மீறிய எடையோடு இருக்கிறாள். மரபணுப் பரிசோதனை செய்துவிடலாமா?

பதில்: பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தேவைப்படாது, ஏனெனில் ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிக்கும் பல மரபணுக்கள் சேர்ந்துதான் பருமனுக்கு வழிவகுக்கின்றன. ஆனால் 5 வயதுக்கு முன்பே கடுமையாக எடை ஏறி, எவ்வளவு உண்டாலும் அடங்காத பசியும் இருந்தால் பரிசோதனை அவசியம். அரிதாக ஒரே ஒரு மரபணுவின் பழுது அதற்குக் காரணமாக இருக்கும். நிறைவை மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் பிறவியிலேயே சுரக்காத 9 வயதுச் சிறுமி ஒருத்தி 94 கிலோ இருந்தாள். அந்த ஹார்மோனையே ஊசியாகப் போட்டதும் அவள் உணவைத் தேடுவது அடங்கியது; ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. 1999இல் வெளியான மருத்துவப் பதிவு இது. உங்கள் மகளின் பிறந்த எடையையும் அதன் பின் ஆண்டுதோறும் எடுத்த உயரம், எடைக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள். சாப்பிட்டு முடித்த எவ்வளவு நேரத்தில் அவள் மறுபடி உணவு கேட்கிறாள் என்பதை ஒரு வாரம் குறித்துவைத்துக் காட்டினால், பரிசோதனை தேவையா என்று முடிவெடுக்க அவருக்கு அது பெரிதும் உதவும்.